மச்சானா, அத்தானா?

1903 ஏப்ரல் 14 காலை, நியூயோர்க்கின் கிழக்கு 11ஆம் தெருவில் ஒரு மரப் பீப்பாவுக்குள் ஓர் ஆணின் உடல் கிடந்தது. கழுத்து அறுபட்டிருந்தது. பெயர் தெரியாது, ஊர் தெரியாது. கள்ளநோட்டுக் கும்பலொன்றைக் கண்காணித்துக்கொண்டிருந்த அரசாங்க இரகசியப் பிரிவுக்காரர் முதல் நாள்தான் ஸ்டான்டன் தெருவிலுள்ள ஓர் இறைச்சிக்கடையில் இந்த முகத்தைக் கண்டிருந்தார்கள். ஆனால் அவர்களுக்கும் அவர் ஒரு ‘புது ஆள்’ மட்டும்தான். கடைசியில் ஜோசப் பெத்ரொசீனோ என்ற இத்தாலிய வம்சாவளிப் பொலிஸ்காரர் இறந்தவரின் படத்தை எடுத்துக்கொண்டு சிங் சிங் சிறைக்குப் போனார். கள்ளநோட்டு வழக்கில் அங்கே இருந்த ஜுசெப்பே தி ப்ரீமோவிடம் காட்டினார். தி ப்ரீமோவுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. பஃபலோ நகரில் இருக்கும் பெனெதெத்தோ மதோனியா. தன்னுடைய ‘பிரதர் இன் லோ’.

ஆங்கிலப் புத்தகங்கள் அந்தச் சொல்லைப் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகின்றன. எங்களால் போக முடியவில்லை. தமிழில் எழுத வெளிக்கிட்டால் அந்த ஒரு சொல் நாலைந்தாக உடைஞ்சு போகுது. மனைவியின் சகோதரனா, சகோதரியின் புருசனா, மனைவியின் சகோதரியைக் கட்டின சகலனா? சகோதரியின் புருசன் எண்டால், அக்காவினுடையவரா தங்கச்சியினுடையவரா? அத்தானா, மச்சானா? ஆங்கிலத்துக்கு இந்தக் கேள்வியே இல்லை. இத்தாலிய மொழிக்கும் இல்லை, அங்கேயும் ‘கொஞ்ஞாத்தோ’ என்ற ஒரே சொல் எல்லாரையும் மூடிவிடுகிறது. தமிழில் எழுதுகிறவர் மட்டும்தான் பேனையை வைத்துவிட்டு யோசிக்க வேண்டியிருக்கிறது.

மதோனியாவின் மனைவி தி ப்ரீமோவின் சகோதரி. சிறைக்குப் போன மைத்துனருக்குச் சேரவேண்டியதைக் கேட்டு வாங்கத்தான் மதோனியா நியூயோர்க்குக்கு வந்தார் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கதை. அதாவது அவரைக் கொலைக்களத்துக்குக் கொண்டுவந்ததும் ஒரு பெண்ணின் வழியாக வந்த உறவு, இறந்த பிறகு அவருக்குப் பெயரைத் திருப்பிக் கொடுத்ததும் அதே உறவு. செய்தித்தாள்கள் அந்தப் பெண்ணை ‘மனைவி’ என்று மட்டும் எழுதின.

எங்கட வாசிப்பு வட்டம் இதற்குள் வந்து விழுந்தது சினிமாவால்தான். ‘த கோட்ஃபாதர்’ படத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுவோம் என்று தொடங்கி, டேவிட் கிரிட்ச்லியும் மைக் டாஷும் 2009இல் தனித்தனியாக வெளியிட்ட இரண்டு புத்தகங்களுக்குள் போய், பழைய கலண்டர்த் தாள்களின் பின்பக்கத்தை ஒட்டி ஒரு உறவு மரம் வரையும் அளவுக்கு வந்துவிட்டோம். எங்களுக்குள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தோம்: ஒவ்வொரு கோட்டிலும் தமிழ் முறைப்பெயர் எழுத வேண்டும், ‘உறவினர்’ என்று எழுதித் தப்பக்கூடாது.

மரத்தின் நடுவில் வருபவர் ஜுசெப்பே மொரெல்லோ. 1867இல் சிசிலியின் கொர்லியோனே ஊரில் பிறந்தவர். ஒரு கை ஊனம், அதனால் ‘மடக்குக் கை’ என்ற பட்டப்பெயர். நியூயோர்க்கின் முதல் மாஃபியாக் குடும்பம் என்று இன்று சொல்லப்படுவதன் தலைவர். ஆனால் மரத்தை வரைந்து முடித்துப் பார்த்தபோது கண் போய் நின்றது மொரெல்லோவில் இல்லை, அவருடைய தாய் ஆஞ்சலீனா பியாஸாவில். 1872இல் புருசன் கலோஜெரோ மொரெல்லோ இறந்துவிடுகிறார். கையில் சின்னப் பிள்ளைகள். அடுத்த வருசமே பெர்னார்தோ தெரனோவா என்பவரை மறுமணம் செய்கிறார். அந்த மறுமணத்தில் பிறந்தவர்கள்தான் வின்சென்ஸோ, சீரோ, நிக்கோலோ என்ற மூன்று ஆண்களும் லூச்சியா, சல்வத்ரீச்சே, ரொசாலியா என்ற மூன்று பெண்களும். ஒரு கைம்பெண் இரண்டாந்தரம் கலியாணம் கட்டியிருக்காவிட்டால் ‘மொரெல்லோ–தெரனோவா குடும்பம்’ என்ற பெயரே இருந்திருக்காது. ஆனாலும் பெரும்பாலான வரலாறுகளில் ஆஞ்சலீனாவுக்குக் கிடைப்பது ஒரு அரை வசனம்.

மூத்தவர் மொரெல்லோவுக்கும் கடைக்குட்டித் தம்பி நிக்கோலோவுக்கும் இடையில் 23 வயது வித்தியாசம். அண்ணன் என்று எழுதினாலும் அது தகப்பன் வயது. கள்ளநோட்டு விவகாரத்தில் தேடப்பட்டு, 1892 அளவில் மொரெல்லோ அமெரிக்காவுக்கு ஓடினார். பின்னால், 1893இல், மாற்றாந்தகப்பனும் தாயும் சகோதரங்களும் கப்பலேறினார்கள். நியூயோர்க்கில் வேலை சரிவராமல் லூசியானாவில் கரும்புத் தோட்டம், பிறகு டெக்சாஸில் பருத்தித் தோட்டம், அங்கே மலேரியா, திரும்பவும் நியூயோர்க். இந்தப் பகுதியை வாசிக்கும்போது இது ஒரு குற்றவாளிகளின் கதை என்பது மறந்து போகுது. கூலிக்கு அலைந்த ஒரு குடும்பத்தின் கதை மாதிரித்தான் இருக்குது. அப்படித்தான் இருந்திருக்கும், கடைக்குட்டிகளுக்காவது.

பிறகு 1903 டிசம்பர். பீப்பாக் கொலை நடந்து எட்டு மாதமளவுதான் ஆகியிருந்தது. மொரெல்லோ கொர்லியோனே ஊர்ப் பெண்ணான லீனா சலேமியை இரண்டாந்தாரமாகக் கட்டுகிறார். அதே மாதம் தங்கச்சி சல்வத்ரீச்சேயை இக்னாசியோ லூப்போ கட்டுகிறார். லூப்போ பலேர்மோ நகரத்துக்காரர், மொட் தெருவில் பெரிய மளிகை இறக்குமதிக் கடை வைத்திருந்தவர், பீப்பாக் கொலையில் மொரெல்லோவோடு சேர்த்துப் பிடிபட்டு விடப்பட்டவர். கொர்லியோனேக்காரரும் இல்லை, இரத்த உறவும் இல்லை. ஒரே கும்பலில் இருந்தவர் ஒரே வீட்டுக்காரர் ஆனது அந்த டிசம்பரில்தான்.

இப்ப எங்கட நிபந்தனைக்கு வருவோம். லூப்போ மொரெல்லோவுக்கு யார்? தங்கச்சி புருசன், மச்சான். சீரோவுக்கும் வின்சென்ஸோவுக்கும் நிக்கோலோவுக்கும்? சல்வத்ரீச்சே அவர்களுக்கு அக்கா, ஆகவே லூப்போ அத்தான். மொரெல்லோவின் மகனுக்கு? மாமியின் புருசன், மாமா. ஒரே மனிதர் ஒரே வீட்டில் மூன்று முறைக்கு மூன்று பெயரோடு நிற்கிறார். ‘பிரதர் இன் லோ’ என்று எழுதினால் லூப்போவும் சீரோவும் சமமான இரண்டு பங்காளிகள் மாதிரித் தோன்றும். அத்தான் என்று எழுதியவுடன் யார் யாருக்கு முன்னால் கதிரையில் இருப்பார், யார் எழும்பி நிற்பார் என்பது தெரிந்துவிடுகிறது. சிசிலியில் எங்கட மாதிரி முறைப்பெயர்கள் இல்லை என்பது உண்மை. ஆனால் வயதும் மரியாதையும் அங்கேயும் இருந்ததுதானே.

பெயர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல ஏலாது. பாதிக் குழப்பம் பெயர்களால் வந்தது. நிக்கோலோ தெரனோவாவைப் பத்திரிகைகள் ‘நிக் மொரெல்லோ’ என்று எழுதின. அண்ணனின் பெயர் பிரபலம், தம்பிக்கும் அதையே போட்டுவிட்டார்கள். பல புத்தகங்கள் அதைப் பார்த்து எழுதின. லூப்போவுக்கு இன்னும் மோசம். அவரை ‘சயெத்தா’ என்று எழுதியவர்கள் எக்கச்சக்கம். பிறப்புப் பதிவைப் பார்த்தால் தகப்பன் ரொக்கோ லூப்போ, தாய் ஒனோஃப்ரியா சயெத்தா. தாயின் பிறந்தவீட்டுப் பெயரை மகனுக்கு ஒட்டி, உண்மைப் பெயரைப் பட்டப்பெயர் ஆக்கிவிட்டார்கள். அது போதாதென்று ‘லூப்போ த வுல்ஃப்’ என்றும் எழுதினார்கள். லூப்போ என்றால் இத்தாலிய மொழியில் ஓநாய். ஆக, ‘ஓநாய் என்ற ஓநாய்’. எங்கட ‘நடுச் சென்டர்’ மாதிரி.

இன்னொரு பொறி இருக்கிறது. பலேர்மோவில் லூப்போ 1898இல் ஒரு வியாபாரப் போட்டியாளரைச் சுட்டுக் கொன்றுவிட்டுத்தான் அமெரிக்காவுக்கு ஓடினார். செத்தவரின் பெயர் சல்வத்தோரே மொரெல்லோ. வருங்கால மச்சானின் அதே வீட்டுப்பெயர்! இதை வைத்து ஒரு பழிவாங்கும் கதை எழுதலாம், நல்லா ஓடும். ஆனால் பெயர் ஒன்று என்பதற்காக மரத்தில் கோடு போட முடியாது. சிசிலியில் மொரெல்லோ என்ற பெயர் ஊருக்கு ஊர் இருக்கிறது.

முதற்பெயரும் உதவாது. சிசிலி வழக்கப்படி மூத்த மகனுக்குத் தகப்பனின் தகப்பன் பெயர், இரண்டாவது மகனுக்குத் தாயின் தகப்பன் பெயர். பெண் பிள்ளைகளுக்கும் அப்படியே இரண்டு பேத்திமாரின் பெயர். மொரெல்லோ தன் மகனுக்குக் கலோஜெரோ என்று பெயர் வைத்தது செத்துப்போன தகப்பனை நினைத்து மட்டுமில்லை, அதுதான் முறை. இதனால் என்ன நடக்கும்? நாலு சகோதரர்களுக்கு மூத்த மகன் பிறந்தால் நாலு பேருக்கும் ஒரே பெயர், ஒரே வீட்டுப்பெயர். பொலிஸ் பதிவில் ஒரே ஆள் நாலு இடத்தில் நிற்பது மாதிரி இருக்கும். (ஒரே பேரனுக்காகக் காத்திருக்கும் எங்கட அப்பப்பாமாருக்கு இது சொர்க்கம்.)

இந்த முடிச்சை அவிழ்ப்பது பெண்களின் பெயர். இத்தாலியப் பதிவுகளில் கலியாணம் கட்டின பெண் தன் பிறந்தவீட்டுப் பெயரை இழப்பதில்லை. பிள்ளையின் பிறப்புப் பதிவில் தாய் தன் தகப்பன் பெயரோடுதான் வருவார். கப்பல் பயணிகள் பட்டியலிலும் இத்தாலியப் பெண்கள் பெரும்பாலும் அப்படித்தான் வருகிறார்கள். ஒரே பெயருள்ள இரண்டு கலோஜெரோக்களைப் பிரிக்க ஒரே வழி, தாய் யார் என்று கேட்பது. தெரனோவாப் பெண்கள் எந்த வீட்டுக்குப் போனார்கள், சலேமி வீட்டுப் பெண் எங்கே வந்தார் என்று கேட்டால்தான் வெவ்வேறு பெயரோடு நிற்கும் ஆண்கள் ஒரே விறாந்தைக்கு வருகிறார்கள். பத்திரிகைக்காரர் ஆண்களின் வீட்டுப்பெயரைப் பின்தொடர்ந்தார்கள். அதனால் அவர்களுக்கு ‘மொரெல்லோ கும்பல்’, ‘லூப்போ கும்பல்’, ‘தெரனோவா கும்பல்’ என்று மூன்று தெரிந்தது. பெண்களைப் பின்தொடர்ந்தால் ஒன்றுதான்.

கப்பல் பட்டியல்களைப் பற்றி இன்னும் கொஞ்சம். 1893 சட்டத்துக்குப் பிறகு ஒவ்வொரு பயணியிடமும் ‘உறவினர் யாரிடமாவது போகிறீரா, என்ன உறவு, பெயர் என்ன, விலாசம் என்ன’ என்று கேட்டு எழுதினார்கள். 1907 சட்டம் இன்னொன்றையும் சேர்த்தது: ஊரில் விட்டுவரும் நெருங்கிய உறவினர் யார்? அதாவது ஒவ்வொருவரும் கப்பலில் ஏறும்போது இரண்டு கரையிலும் ஒவ்வொரு உறவைச் சொல்லிவிட்டுப் போனார்கள். மனைவியைச் சொன்னவர், மாமனைச் சொன்னவர், ‘கொஞ்ஞாத்தோ’ என்று சொன்னவர். குடிவரவு அதிகாரிகள் கேட்டது பிச்சைக்காரரையும் ஒப்பந்தக் கூலிகளையும் தடுக்க. நூறு வருசத்துக்குப் பிறகு அது உறவு தேடுகிறவர்களுக்குப் பொக்கிஷம் ஆகிவிட்டது. எல்லிஸ் தீவுப் பதிவுகள் இன்றைக்கு இணையத்தில் இலவசம். சிசிலியின் குடிசார் பதிவுகள் 1820இலிருந்தே தொடங்குகின்றன. பொறுமையும் டேட்டாவும் இருந்தால் யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டே பார்க்கலாம், கையெழுத்தை வாசிக்கிறதுதான் பாடு.

‘கோட்ஃபாதர்’ இரண்டாம் பாகத்தில் எல்லிஸ் தீவு அதிகாரி சின்னப் பையன் வீத்தோ அந்தொலினியின் பெயரை ஊர்ப்பெயராக மாற்றி ‘கொர்லியோனே’ என்று எழுதிவிடுவார். அருமையான காட்சி. ஆனால் அப்படி நடப்பதற்கு வாய்ப்பில்லை. பட்டியல் எழுதப்படுவது கப்பல் புறப்படும் துறைமுகத்தில். எல்லிஸ் தீவில் இருந்தவர்கள் ஏற்கெனவே எழுதிய பெயரைச் சரிபார்த்தார்கள், புதுப்பெயர் சூட்டவில்லை. பெயர்களை மாற்றியது பிறகு வந்த பத்திரிகையும் பள்ளிக்கூடமும் வேலைத்தலமும், பல இடங்களில் அந்த ஆட்களே தாங்களும்தான்.

அது சரி, ‘கோட்ஃபாதர்’ என்ற சொல்லையே பாருங்கோ. நாங்கள் அதைத் தாதா, தலைவன் என்றெல்லாம் விளங்கிக்கொண்டு வளர்ந்தோம். மன்னாரிலோ பாஷையூரிலோ உள்ள ஒரு கத்தோலிக்க வீட்டில் கேட்டால் ஒரு நிமிசத்தில் சொல்லிவிடுவார்கள்: ஞானத்தகப்பன். பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது தூக்கிப் பிடிப்பவர். தென் இத்தாலியில் அந்த உறவு பிள்ளையோடு நிற்பதில்லை. பிள்ளையின் தகப்பனும் ஞானத்தகப்பனும் ஒருவருக்கொருவர் ‘கொம்பாரே’ ஆகிவிடுவார்கள். இரத்தமும் கலியாணமும் எட்டாத இடத்தில் உறவை உண்டாக்க இது ஒரு வழி. இந்தக் கோடுகள் குடிசார் பதிவில் வராது, கோயில் பதிவில்தான் வரும். ஆகவே எங்கட மரம் எவ்வளவு பெரிதானாலும் அரைவாசிதான்.

ஏன் இவ்வளவு உறவுக்குள்ளேயே சுற்றினார்கள்? ‘இரத்தம்’, ‘மரியாதை’ என்று சினிமா சொல்லும். எங்களுக்குத் தோன்றுகிற பதில் இன்னும் சாதாரணமானது. கள்ளநோட்டுத் தொழிலில் எழுத்தில் ஒப்பந்தம் இல்லை, ஏமாற்றினால் வழக்குப் போட முடியாது. காட்டிக்கொடுக்கிறவனைத் தடுக்க ஒன்றுதான் இருக்கிறது: அவன் வீடு எது, தாய் யார், ஊரில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்திருப்பது. உறவு என்பது பாசம் மட்டும் இல்லை, பிணையும்தான்.

இதற்குச் சாட்சி 1910 வழக்கு. ஹட்சன் ஆற்றுப்பக்கம் ஹைலண்ட் என்ற இடத்தில் ஒரு பண்ணைவீட்டில் கள்ளநோட்டு அடித்தார்கள். அச்சடிக்கத் தெரிந்த ஒருவர் தேவை. உறவுக்குள் அப்படி யாரும் இல்லை. அந்தோனியோ கொமீத்தோ என்ற அச்சுத் தொழிலாளியைப் பிடித்தார்கள். அவர் கலாப்ரியாக்காரர், சிசிலிக்காரர்கூட இல்லை. மரத்தில் எந்தக் கோடும் அவரிடம் போகாது. நீதிமன்றத்தில் ஏறி எல்லாவற்றையும் சொன்னவர் அவர்தான். மொரெல்லோவுக்கு 25 வருசம், லூப்போவுக்கு 30 வருசம். அவ்வளவு காலமும் கொலைக் குற்றச்சாட்டு எதிலும் சிக்காதவர்கள், ஒரு அந்நியனின் வாயால் உள்ளே போனார்கள்.

ஆனால் உறவு நல்ல பிணை என்றால் அது நல்ல பொறியும்தான். 1902இன் கடைசியில் மொரெல்லோ ‘இக்னாசியோ ஃப்ளோரியோ கூட்டுறவுச் சங்கம்’ என்று ஒரு கட்டடச் சங்கம் தொடங்கினார். பங்கு வாங்கியவர்கள் பெரும்பாலும் கொர்லியோனே ஊரார். ஊர்க்காரன், மச்சான்ரை மச்சான், அக்காவின் மாமனார் என்று நம்பித்தான் கொடுத்திருப்பார்கள். 1907 நிதி நெருக்கடியில் சங்கம் விழுந்தது. அடுத்த வருசம் லூப்போவின் கடையும் கடனோடு மூடப்பட்டது. சுட்டுச் செத்தவர்களின் பெயர்கள் புத்தகங்களில் இருக்கின்றன. பங்குப் பணம் போனவர்களைப் பற்றி எழுத யாருக்கும் ஆசை வரவில்லை. எங்களுக்கென்றால் இந்தச் சங்கம்தான் பீப்பாவை விடப் பெரிய விசயம் போலக் கிடக்குது. சீட்டுப் பிடித்து ஊர்க்காசை ஏமாற்றிக்கொண்டு போன ஆட்களை அறியாத குடும்பம் எங்கட பக்கத்தில் எத்தனை?

அமெரிக்க அரசாங்கம் இதையெல்லாம் வேறு மாதிரிப் பார்த்தது. 1963இல் ஜோ வலாச்சி செனட் குழு முன் சாட்சி சொன்னபோது சுவரில் தொங்கியவை நிறுவன வரைபடங்கள்: மேலே தலைவர், கீழே உபதலைவர், அதற்குக் கீழே கப்டன்கள். பெட்டி பெட்டியாக, ஒரு வங்கியின் நிர்வாக அமைப்பு மாதிரி. 1972இல் ஃபிரான்சிஸ் இயான்னி என்ற மானிடவியலாளர் வேறு விதமாக எழுதினார். இது கம்பனி இல்லை, இரத்த உறவும் கலியாண உறவும்தான் இதை இயக்குகிறது என்றார். எங்கட வாக்கு இயான்னிக்கு. அந்த வலாச்சியையே எடுங்கோ. பெற்றோர் நேப்பிள்ஸ்காரர், ஆகவே வெளியாள்தான். 1932இல் அவர் கட்டியது கொர்லியோனேயில் பிறந்து மொரெல்லோ கூட்டத்தில் இருந்து மேலே வந்த கயத்தானோ ரெய்னாவின் மகள் மில்ட்ரெட்டை. ரெய்னா 1930 பெப்ரவரியில் கொல்லப்பட்டிருந்தார். செனட் சுவரில் வலாச்சி ஒரு கடைநிலைச் சிப்பாய். வீட்டுக்குள் அவர் செத்துப்போன ஒரு தலைவரின் மருமகன். எந்த வரைபடம் சரி?

கார்லோ கம்பீனோவின் கலியாணத்தைப் பற்றி எழுதும்போது ஆங்கிலப் புத்தகங்கள் ஒருதரம் தொண்டையைச் செருமிக்கொள்ளும்: ‘சொந்தக் கசினைக் கட்டினார்’. 1926இல் அவர் கட்டியது கதரீன் கஸ்தெல்லானோவை. கம்பீனோவின் தாயும் கஸ்தெல்லானோ வீட்டுப் பெண். தமிழில் சொன்னால் மாமன் மகள், முறை மச்சாள். எங்கட அம்மம்மாவிடம் சொன்னால் ‘அதுக்கென்ன இப்ப?’ என்று கேட்பா. கதரீனின் தம்பி பவுல் கஸ்தெல்லானோ. 1976இல் கம்பீனோ சாகும்போது பதவியை நீண்டநாள் துணைத்தலைவருக்குக் கொடுக்காமல் இவருக்குக் கொடுத்தது அமெரிக்கப் பத்திரிகைகளுக்குப் புதிர். மாமன் மகன், மனைவியின் தம்பி, மச்சான்: இரண்டு பக்கமும் கோடு இருக்கிறது.

இவ்வளவு ஆர்வமாக வரைந்துகொண்டு வந்த எங்களுக்குள் ஒரு கட்டத்தில் சண்டை வந்தது. ரொசாலியாவை எந்த நிறத்தில் எழுதுவது? சிவப்பு மை குற்றத்துக்கு என்று வைத்திருந்தோம். ஆனால் மரம் வளர வளர எல்லாப் பெயரும் சிவப்பாகத் தெரியத் தொடங்கியது. எங்களில் ஒருத்தி பேனையை மூடிவைத்துவிட்டாள். அவளுடைய பெரியப்பா ஒருகாலம் பல மாதம் உள்ளே இருந்தவர். அவர் செய்தது ஒன்றே ஒன்று, ஒருவருக்கு அண்ணனாகப் பிறந்தது. விசாரணையில் காட்டிய தாளில் அவருடைய பெயரும் ஒரு கோட்டின் நுனியில்தான் இருந்ததாம். “நாங்கள் வரையிறதும் அதே தாள்தானே?” என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு அமெரிக்க வரலாற்றிலும் ஒரு பதில் இருக்கிறது, நல்ல பதில் இல்லை. 1891 மார்ச் 14 நியூ ஓர்லியன்ஸ். பொலிஸ் தலைவர் டேவிட் ஹெனெசி கொலை வழக்கில் முதல் நாள்தான் தீர்ப்பு வந்திருந்தது, யாரையும் குற்றவாளியாகக் காணவில்லை. ஆயிரக்கணக்கான ஆட்கள் சிறையை உடைத்து உள்ளே போய் 11 இத்தாலியர்களைக் கொன்றார்கள். அதில் விடுதலையானவர்களும் இருந்தார்கள், வழக்கே இன்னும் விசாரிக்கப்படாதவர்களும் இருந்தார்கள். சிசிலிப் பெயர், சிசிலிப் பேச்சு, அது போதும். அப்போது மொரெல்லோ அமெரிக்காவுக்கு வந்தே இருக்கவில்லை. ‘மாஃபியா’ என்ற சொல் அமெரிக்கப் பத்திரிகைகளில் பெரிதாகப் பரவியது அந்த வழக்கோடுதான்.

அதற்குப் பிறகு நாங்கள் தாளைக் கிழிக்கவில்லை, முறையை மாற்றினோம். உறவுக்கு நீலக் கோடு, எல்லோருக்கும் ஒன்றுபோல. நீதிமன்றம் தீர்த்துச் சொன்ன குற்றத்துக்கு மட்டும் பெயருக்குக் கீழே சிவப்புப் புள்ளி. சிவப்புக் கோடு கிடையாது, ஏனென்றால் குற்றம் கோடு வழியாக ஓடுவதில்லை. முடித்துப் பார்த்தபோது தாள் பெரும்பாலும் நீலமாக இருந்தது. ஆஞ்சலீனா, லூச்சியா, சல்வத்ரீச்சே, ரொசாலியா, லீனா. புள்ளி இல்லாத ஆண்களும். இது அவர்களுக்கு நாங்கள் கொடுக்கும் நற்சான்றிதழ் இல்லை. வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்த பெண்கள் இருந்திருப்பார்கள், அந்தக் காசில் வாழ்ந்தும் இருப்பார்கள். ஆனால் தெரிந்திருப்பார் என்பதை எந்த மையால் எழுதுவது?

புள்ளிகள் போக, தாளில் கறுப்புக் குறிகளும் உண்டு, கொல்லப்பட்ட ஆண்டைக் குறிக்க. உறவு காப்பாற்றும் என்று நினைக்கிறவர்கள் அதைப் பார்க்க வேண்டும். 1912: மொரெல்லோவின் மகன் கலோஜெரோ, தகப்பன் சிறையில் இருக்கும்போது. 1916 செப்டெம்பர்: நிக்கோலோ, புரூக்ளினின் நேப்பிள்ஸ் கும்பல் பேச்சுவார்த்தைக்கென்று கூப்பிட்டு. 1922 மே: வின்சென்ஸோ, கிழக்கு 116ஆம் தெருவில். 1930 ஓகஸ்ட்: மொரெல்லோவே, கிழக்கு ஹார்லெமிலுள்ள தன் அலுவலகத்தில். ஆஞ்சலீனாவின் நாலு ஆண்பிள்ளைகளில் மூன்று பேர், பேரன் ஒருவர். மிஞ்சியது சீரோ. ஆர்ட்டிச்சோக் என்ற மரக்கறியின் மொத்த வியாபாரத்தைக் கைக்குள் வைத்து ‘ஆர்ட்டிச்சோக் ராசா’ என்று பெயர் எடுத்தவர். 1935 டிசம்பரில் நகர மேயர் லகார்தியா, அவரும் ஓர் இத்தாலியரின் மகன்தான், எக்காளம் ஊதவைத்துப் பிரொங்ஸ் சந்தையில் சின்ன ஆர்ட்டிச்சோக் விற்கத் தடைபோட்டார். சீரோ 1938இல் பக்கவாதம் வந்து, கையில் காசில்லாமல் செத்தார். மச்சான் லூப்போ 1920இல் வெளியே வந்து, 1936இல் திரும்ப உள்ளே போய், 1947 ஜனவரியில் இறந்தார், வெளியே விட்டுச் சில வாரத்தில்.

குயீன்ஸில் கல்வாரி என்று ஒரு பெரிய கத்தோலிக்க மயானம் இருக்கிறது. மொரெல்லோ அங்கேதான். தெரனோவாச் சகோதரர்கள் அங்கே, லூப்போவும் அங்கே. சிங் சிங் சிறையில் படத்தைக் காட்டி மதோனியாவுக்குப் பெயர் கண்டுபிடித்த பெத்ரொசீனோ, 1909 மார்ச் 12இல் பலேர்மோவில் சுடப்பட்டு, கப்பலில் திரும்பி வந்து புதைக்கப்பட்டதும் அதே கல்வாரியில்தான்.